கோள்களின் அகம்

வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் மனித குலம் காட்டிய ஆர்வத்தில் பாதியையாவது காலடியைக் குனிந்து பார்ப்பதில் காட்டியிருக்குமா என்ற ஐயம் நமக்கு அவ்வப்போது எழுவதுண்டு. 1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருக்கிறது. பூமிக்குள் நாம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறோம்? ரஷ்யாவின் வடமேற்கு மூலையிலுள்ள கோலா தீபகற்பத்தில் 1970-இல் சோவியத் அறிவியலாளர்கள் ஒரு துளையிடத் தொடங்கினர். 1989-இல் அது 12,262 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அதற்குமேல் இறங்க இயலவில்லை. எதிர்பார்த்ததைவிட மிகுதியான வெப்பம், 180 பாகை செல்சியஸ், அடியில் காத்திருந்தது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். இவ்வளவு முயன்றும் அதில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூட நாம் கடக்கவில்லை. பூமியை ஒரு மாம்பழமாகக் கொண்டால், நம் ஊசி அதன் தோலைக்கூட முழுதாகத் துளைக்கவில்லை எனலாம்.

ஆயினும், அந்தப் பழத்தின் கொட்டை எவ்வளவு பெரிது, அது திடமா திரவமா, எத்தனை அடுக்கு கொண்டது என்பவை இன்று பள்ளிப் பாடநூலில் அச்சாகியிருக்கின்றன. பூமிக்கு மட்டுமல்ல, நிலவுக்கும் செவ்வாய்க்கும் புதனுக்கும்கூட அத்தகைய படங்கள் வரையப்பட்டுவிட்டன. திறந்து பாராமலே உள்ளிருப்பதைச் சொல்லும் இந்தக் கலைக்குப் புவி இயற்பியல் என்று பெயர். தமிழ் இலக்கியம் கற்று, அதையே கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இத்துறையோடு முறையான உறவு ஏதுமில்லை. ஆனால், தள்ளி நின்று பார்க்கும்போது, இது நமக்கு முற்றிலும் அந்நியமான வேலையாகத் தோன்றவில்லை.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதைச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டு. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து நீரின் அளவு அறிவோம். உடைத்த பிறகு அறிவது யாருக்கும் எளிது. உடைக்காமல் அறிவதில்தான் சாமர்த்தியம். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலின்மேல் எவ்வாறு வெளிப்படுகிறது என்பது அதன் பொருள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. அரசன் முகத்தைப் படிப்பதற்கு ஒன்று, காதலியின் கண்ணைப் படிப்பதற்கு மற்றொன்று. அகம் என்பது நேரே காணக்கூடியதன்று, புறத்தில் படியும் அதன் சாயலைக் கொண்டே அறியப்படுவது என்பதில் நம் முன்னோர்க்குக் குழப்பமே இருந்ததில்லை. பாறைக்கோள்களின் அகத்தை அறிய முயன்றவர்களும் இதே வழியில்தான் சென்றார்கள். அவர்கள் படித்த மெய்ப்பாடு, நிலத்தின் நடுக்கம்.

*

முதலில் எடை போட்டார்கள். 1774-இல் நெவில் மாஸ்கெலைன் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் தம் வீட்டிலேயே அதைவிட நுட்பமான சோதனையைச் செய்தார். மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு கோலின் இரு முனைகளிலும் சிறு ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகள். மூச்சுக்காற்றுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாக அந்தக் கோலின் இம்மியளவுத் திருப்பத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்று விடை வந்தது. இன்றைய கணக்கு 5.51. இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அறைக்குள் கிடைத்த விடை இவ்வளவு நெருங்கியிருப்பது வியப்புக்குரியது.

இந்த ஓர் எண்ணிலேயே ஒரு செய்தி ஒளிந்திருந்தது. நாம் மிதித்து நடக்கும் பாறைகளின் அடர்த்தி ஏறத்தாழ 2.7 மட்டுமே. மேலே இருப்பது இலேசு, மொத்தமோ கனம் என்றால், உள்ளே மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது இரும்பாகவே இருக்கும் என்று 1897-இல் எமில் வீகெர்ட் கணித்தார்.

கணிப்பு வேறு, காட்சி வேறு. காட்சிக்கான வழி அதே 1897-இல், ஜூன் 12 அன்று, நம் நாட்டின் வடகிழக்கில் திறந்தது. ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய அந்தப் பெரும் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கல் கட்டடங்கள் பரந்த நிலப்பரப்பில் தரைமட்டமாயின. அதை ஆராய்ந்து 1899-இல் அறிக்கை எழுதியவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம். அத்துறையை நிறுவி நடத்திய தாமஸ் ஓல்டமின் மகன் அவர். தொலைதூர நிலையங்களில் பதிவான கோடுகளை வைத்துப் பார்த்தபோது, ஒரே நடுக்கம் மூன்று தவணைகளாக வந்து சேர்ந்திருப்பதை ஓல்டம் பிரித்தறிந்தார். முதலில் வருவது முதன்மை அலை. இரயில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுவது போலப் பாறையை நெருக்கியும் தளர்த்தியும் செல்வது. அடுத்து வருவது இரண்டாம் நிலை அலை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் நெளிவு ஓடுவது போலப் பக்கவாட்டில் அசைத்துச் செல்வது. கடைசியாக மேற்பரப்பிலேயே தவழ்ந்து வரும் அலைகள். இவற்றில் இரண்டாம் நிலை அலைக்கு ஓர் இயல்பு உண்டு. அது திரவத்தினூடே செல்லாது. நீரை உதறி நெளிக்க முடியாதல்லவா?

1906-இல், உலகின் பல நிலநடுக்கப் பதிவுகளை ஒருங்கே வைத்து, பூமிக்குள் அலைகளின் வேகத்தைக் குறைக்கும் தனியான ஒரு கருவம் இருக்கிறது என்று ஓல்டம் நிறுவினார். 1909-இல் ஆண்ட்ரியா மோகோரோவிசிச், குரோவேசியாவில் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தைக் கொண்டு மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லையைக் கண்டார். அதையடுத்துச் சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க் கருவத்தின் கூரை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார். 1926-இல் ஹரால்டு ஜெஃப்ரீஸ் அந்தக் கருவம் திரவம் என்று காட்டினார். முப்பது ஆண்டுகளுக்குள் பூமி உரிந்த வெங்காயம்போல் ஆகிவிட்டது. எவரும் அதைத் தொடவில்லை.

*

இந்த வரிசையில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் டென்மார்க்கின் இங்கே லேமன். 1888-இல் பிறந்து, 1993-இல் தம் 104-ஆம் வயதில் மறைந்தவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடம், ஒரே விளையாட்டு என்று அந்நாளிலேயே நடத்தப்பட்ட ஒரு பள்ளியில் படித்தவர். 1928 முதல் டென்மார்க்கின் நில அளவை நிறுவனத்தில் நில அதிர்வுத் துறைக்குத் தலைமை வகித்தார். டென்மார்க்கில் குறிப்பிடும்படியான நிலநடுக்கமே வருவதில்லை. அப்படியொரு நாட்டில் அமர்ந்துகொண்டு, பிற நாடுகளின் நடுக்கங்களைக் காத்திருந்து கேட்பதே அவர் தொழில்.

பூமியின் திரவக் கருவம் அலைகளை வளைத்துவிடுவதால், நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் ஒரு நிழல் வளையம் உண்டாகிறது. அங்கே முதன்மை அலை வந்து சேரக் கூடாது. ஆனால் 1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் மர்ச்சிசன் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில், அந்த நிழலுக்குள் மெல்லிய அலைகள் சில வந்து நின்றன. கருவியின் பிழை, சிதறிய அலை என்று பிறர் ஒதுக்கியதை லேமன் ஒதுக்கவில்லை. கணினி இல்லாத காலம். நிலநடுக்கங்களின் நேரம், நிலையம், அலை வந்த கணம் ஆகியவற்றை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் தானியம் வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டுத் தோட்டத்துப் புல்வெளியில் அவர் அமர்ந்திருப்பார் என்று உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1936-இல் அவர் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பு 'பி' என்ற ஒற்றை எழுத்தும் அதன் தோளில் ஒரு சிறு கோடும், அவ்வளவே. திரவக் கருவத்துக்குள் இன்னொரு உட்கருவம் இருக்கிறது, அதன்மேல் பட்டுத் தெறித்த அலைகளே நிழலுக்குள் வந்தவை என்பது அதன் சாரம். ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் கொண்ட திடமான அந்த இரும்புப் பந்து இன்று ஐயமற்ற உண்மை.

சுவடி பதிப்பிப்போர்க்கு இந்த மனநிலை நன்கு விளங்கும். பாடம் பொருந்தாத இடத்தில் எழுதினவன் கை தவறியிருப்பான் என்று திருத்திவிட்டுப் போவது எளிது. பொருந்தாத எழுத்தின்முன் நின்று, இது ஏன் இப்படி இருக்கிறது என்று நெடுநாள் காத்திருப்பவரே புதிய பொருளைக் கண்டடைகிறார்.

*

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஷில்லாங், மர்ச்சிசன் என்று நாம் எழுதிச் செல்லும் ஒவ்வொரு பெயரின் அடியிலும் இடிந்த வீடுகள் இருக்கின்றன. பூமியின் அகத்தைக் காட்டும் ஒளி, மனிதர்களின் துயரத்தில் ஏற்றப்பட்ட விளக்கிலிருந்தே வந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, இந்திய நேரம் 6 மணி 29 நிமிடம். சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்தது. பதினான்கு நாடுகளில் 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். நாம் முதுகலை முடித்து ஆய்வு மாணவராயிருந்த காலம் அது. அரிசி மூட்டைகளோடும் பழைய துணிகளோடும் சென்ற மாணவர் கூட்டத்தில் நாமும் நாகைக்குச் சென்றோம். நிவாரண முகாமாக மாற்றப்பட்டிருந்த பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் ஒரு மூதாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தம்பிகளா, காலேசுல படிக்கிற புள்ளைங்கதானே நீங்க? கடலுக்கு அடியில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்தக் கடலின் மேற்புறத்தை அறிந்திருந்தவர், அடிப்புறத்தைப் பற்றி அறிய விரும்பினார். எங்கள் கூட்டத்தில் யாரிடமும் விடை இல்லை. நிலநடுக்கம் என்றார் ஒருவர். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அதே நிலநடுக்கத்தைப் பற்றி 2005-இல் அறிவியல் இதழ்களில் வந்தவற்றைச் சில ஆண்டுகள் கழித்தே நாம் அறிந்தோம். அன்று பூமி முழுவதும் ஒரு மணியைப்போல் ஒலித்திருக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த சுருதியில் ஓர் அசைவு முடிய 54 நிமிடங்கள். பந்தை இருபுறமும் அழுத்தி விட்டாற்போன்ற அசைவு. மூச்சு விடுவதுபோல் முழு உருண்டையும் விரிந்து சுருங்கும் மற்றொரு அசைவுக்கு 20 நிமிடங்களுக்குச் சற்று மேல். அது பல வாரங்கள் ஓயவில்லை. 1960-இல் சிலி நாட்டு நிலநடுக்கத்துக்குப் பின் இவ்வளவு தெளிவாக அந்தச் சுருதிகள் கேட்டதில்லை. கவசத்தின் அடர்த்தியையும் கருவத்தின் தன்மையையும் சரிபார்க்க அறிவியலாளர்க்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது.

படித்தபோது நமக்கு ஒருவகைக் கூச்சம் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் கண்ட முகங்களை ஒருபுறமும், அந்த அழகான வரைபடங்களை மறுபுறமும் வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. இந்த அறிவு யாருக்காக? இதைக் கொண்டாடலாமா?

மெல்லவே ஓர் உண்மை புலப்பட்டது. சுமத்திராவில் பாறை பிளந்த செய்தி, நிலத்தினூடே, சில நிமிடங்களில் தமிழகத்துக்கு வந்துவிட்டது. சென்னையில் பலர் கட்டில் ஆடுவதை உணர்ந்தனர். தண்ணீர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. ஓலை முன்பே வந்திருந்தது. அதைப் படித்துக் கரைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு மட்டும் அன்று இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்ட பிறகே அந்த ஏற்பாடு உண்டாயிற்று. அதன் அடிப்படையில் இருப்பது ஓல்டம் பிரித்துக் காட்டிய அந்த மூன்று தவணைகளும், அவை எந்தப் பாறையில் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்ற நூற்றாண்டுக் கணக்கும்தான். அகத்தைப் படிப்பது வெறும் ஆர்வமன்று, படிக்காமலிருப்பதற்கு விலை உண்டு என்று அப்போது தெளிந்தோம்.

*

பூமிக்கு வெளியே இந்தக் கலை சென்ற கதை வேறுவிதமானது. அங்கே இடிய வீடுகள் இல்லை.

1969 ஜூலையில் அப்பலோ-11 வீரர்கள் நிலவில் வைத்த கருவிகளுள் நில அதிர்வுமானியும் ஒன்று. அடுத்து வந்த அப்பலோ-12 குழுவினர், தாங்கள் ஏறி வந்த கலத்தின் மேற்பகுதியை வேண்டுமென்றே நிலவின்மேல் விழச் செய்தனர். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போன்ற செயல்தான். ஆனால் நிலவு அந்தத் தட்டலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஈரமே இல்லாத, நொறுங்கிய மேலோட்டில் அலைகள் அடங்க வழியின்றித் தெறித்துத் தெறித்து அலைந்ததே காரணம். 1977 செப்டம்பர் 30 அன்று செலவைக் கருதி அக்கருவிகள் நிறுத்தப்படும்வரை 12,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. அவற்றுள் பல 700 கிலோமீட்டருக்கும் கீழிருந்து, மாதத்துக்கு ஒருமுறை, பூமியின் இழுப்புக்கு ஏற்ப ஒழுங்காக எழுந்தவை. நம் கடலில் நிலவு ஓதம் எழுப்புகிறது. நிலவின் பாறையில் பூமி ஓதம் எழுப்புகிறது.

அந்தப் பழைய பதிவுகளை 2011-இல் ரெனி வெபரும் அவருடைய குழுவினரும் புதிய கணக்கு முறைகளோடு மீண்டும் படித்தனர். முன்னர் இரைச்சலென்று தள்ளப்பட்டவற்றினின்று நிலவின் சிறு கருவம் வெளிப்பட்டது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியபோது விக்ரம் கலத்திலும் இல்சா என்ற நில அதிர்வுமானி இருந்தது. பிரக்யான் ஊர்தி உருண்டதைக்கூட அது உணர்ந்து பதிந்தது. ஆகஸ்டு 26 அன்று, ஊர்தியால் விளையாத ஓர் அதிர்வையும் பதிந்தது.

செவ்வாயின் கதை பொறுமையின் கதை. 1976-இல் இறங்கிய இரு வைக்கிங் கலங்களிலும் அதிர்வுமானிகள் இருந்தன. ஒன்றின் பூட்டே திறக்கவில்லை. மற்றொன்று கலத்தின் மேல்தளத்தில் பொருத்தப்பட்டிருந்ததால் பெரும்பாலும் காற்றின் ஆட்டத்தையே பதிந்தது. அதன்பின் நாற்பதாண்டு இடைவெளி. புரூஸ் பானர்ட் தலைமையில் உருவான இன்சைட் கலம் 2016-இல் புறப்பட வேண்டியது. பிரான்சில் உருவான அதிர்வுமானியின் வெற்றிடக் கலத்தில் நுண்ணிய கசிவு காணப்பட்டதால், பயணம் 2018 மே 5-க்குத் தள்ளிப்போயிற்று. அணுவளவு அசைவை உணரும் கருவிக்கு அந்தக் கசிவே போதும், செவிடாகிவிட. 2018 நவம்பர் 26 அன்று எலிசியம் சமவெளியில் கலம் இறங்கியது. அதன் இயந்திரக் கை கருவியை மெல்லத் தூக்கித் தரைமேல் வைத்து, காற்றும் குளிரும் படாமலிருக்க ஒரு மூடியைக் கவிழ்த்தது. கோழிக்குஞ்சைக் கூடையால் மூடுவது போன்ற அந்தக் காட்சியின் படங்களை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம்.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. ஐந்து மீட்டர் தோண்டி வெப்பம் அளக்க வேண்டிய ஜெர்மானியக் கருவி, செவ்வாய் மண்ணில் பிடிமானம் கிடைக்காமல் இரண்டாண்டுகள் தவித்து, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. 2021 ஜனவரியில் முயற்சி கைவிடப்பட்டது. அதிர்வுமானியோ 2019 ஏப்ரல் 6 அன்று முதல் நடுக்கத்தைக் கேட்டது. பணி முடியும்வரை 1,300-க்கும் மேற்பட்டவை. ஒரே ஒரு கருவிதான். முதன்மை அலைக்கும் இரண்டாம் நிலை அலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தொலைவையும், நிலம் அசைந்த போக்கைக் கொண்டு திசையையும் கணித்தார்கள். 2021 டிசம்பர் 24 அன்று கேட்ட ஓர் அதிர்வு, விண்கல் விழுந்து 150 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்த ஓசை என்று பின்னர் வானிலிருந்து எடுத்த படம் காட்டியது. பள்ளத்தைச் சுற்றிப் பனிக்கட்டித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. 2022 மே 4 அன்று கேட்டதே மிகப் பெரியது, அளவு 4.7. நம் பூமியில் ஒரு மூலையில் செய்தியாகிப் போகும் அளவுதான். அங்கே அந்த அதிர்வு ஆறு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது.

கருவத்தின்மேல் பட்டுத் திரும்பிய அலைகளைக் கொண்டு, செவ்வாயின் கருவம் 1,830 கிலோமீட்டர் ஆரமுள்ள திரவம் என்று 2021-இல் கணக்கிட்டார்கள். 2023-இல் அந்தக் கணக்கு திருத்தப்பட்டது. அலைகள் திரும்பியது கருவத்தின் கூரையிலிருந்து அல்ல, அதன்மேல் போர்த்தியிருந்த உருகிய பாறைப் படலத்திலிருந்து. உண்மையான கருவம் 1,650 கிலோமீட்டரை ஒட்டியது என்று இரு குழுக்கள் தனித்தனியே கூறின. 2025-இல் வேறொரு குழு, அந்தத் திரவத்தின் நடுவே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆரமுள்ள திடமான உட்கருவம் இருப்பதற்கான அலைகளைக் கண்டதாக எழுதியது. உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்து எழுதும் உரைப்பரப்பைப் போல இதுவும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூலபாடம் மட்டும் ஒன்றே. அந்த 1,300 அதிர்வுகள்.

புதனில் அதிர்வுமானி எதுவும் இறங்கியதில்லை. அங்கே வேறு உபாயம். அவித்த முட்டையும் பச்சை முட்டையும் கலந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தரையில் வைத்துச் சுற்றிவிட்டுப் பார்க்கிறோம். உள்ளே திரவமிருந்தால் சுழற்சி மாறும். ஜான்-லூக் மார்கோவும் அவருடைய குழுவினரும் பூமியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பிப் புதனின் சுழற்சியிலுள்ள மிகச் சிறு தள்ளாட்டத்தை அளந்தனர். அது முற்றும் திடமான கோளுக்குரியதைவிட இருமடங்கு இருந்தது. ஆகவே கருவம் உருகியிருக்கிறது என்று 2007-இல் அறிவித்தனர். 2,440 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தச் சிறு கோளில் கருவம் மட்டும் 2,000 கிலோமீட்டர் என்பதும் இன்று தெரியும். பெயருக்கு மேலே கொஞ்சம் பாறை, மற்றதெல்லாம் இரும்பு. வெள்ளியோ 460 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எந்தக் கருவியையும் நீடித்திருக்க விடுவதில்லை. அதன் அகம் இன்னும் திரைக்குப் பின்னேதான்.

*

"ஐயா, செவ்வாயில் நிலம் ஆடுவதைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று நம் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். மெய்ப்பாட்டியல் நடத்தும்போது இடையில் இன்சைட்டைப் பற்றிச் சொன்னதன் விளைவு. நியாயமான கேள்வி.

நாம் சொன்ன விடை இது. செவ்வாயின் பழம்பாறைகளில் காந்தத் தடம் இருக்கிறது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அதற்கும் முழுமையான காந்தப்புலம் இருந்தது; பின்னர் அணைந்தது. ஆறுகள் ஓடிய தடம் இருக்கிறது, ஆறுகள் இல்லை. காற்று மண்டலம் மிக மெலிந்துவிட்டது. அது விண்வெளிக்குக் கசிவதை 2014-இல் அங்கு சேர்ந்த மேவன் கலம் அளந்து காட்டியது. காந்தக் கவசம் அணைந்ததே அதற்கு முதற்காரணமா என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு; காந்தப்புலமின்றியே அடர்ந்த காற்றைச் சுமக்கும் வெள்ளி அந்த வாதத்தின் நடுவே நிற்கிறது. ஆயினும் ஒன்று தெளிவு. ஒரு கோளின் மேற்பரப்பில் என்ன நிகழும் என்பது பெரிதும் அதன் அகத்தைப் பொறுத்தது. நம் பூமியில் லேமன் கண்டறிந்த உட்கருவம் மெல்லமெல்ல உறைந்து வளர்வதால் எழும் ஓட்டமே, வெளிக்கருவத்தின் இரும்பைக் கலக்கி நம் காந்தப்புலத்தைக் காத்துவருகிறது. உள்வெப்பம் வெளியேறும் வேகத்தில் நிலத்தட்டுகள் நகர்கின்றன. ஒன்றின் அடியில் மற்றொன்று புதைந்து, காற்றின் கரியமில வாயுவைப் பாறையாக்கி உள்ளே இழுத்து, எரிமலை வழியே திருப்பித் தருகின்றன. பூமி உறைந்து போகாமலும் வெந்து போகாமலும் இவ்வளவு காலம் இருந்ததில் அந்தச் சுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

சுமத்திராவின் கடலடியில் பிளந்ததும் அத்தகைய ஒரு தட்டின் எல்லைதான்.

இதைச் சொல்லும்போது நம் குரல் தயங்கியது. நம்மை வாழவைக்கும் நெருப்பும் அன்று கரையை அழித்த நெருப்பும் ஒன்றே என்பது அறிவுக்கு ஒத்த செய்தி. ஆனால் இழந்தவரிடம் அதை ஆறுதலாகச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நாகைத் தாழ்வாரத்துக் கேள்விக்கு இன்று நம்மால் ஒருவாறு விடை சொல்ல முடியும்: அடியில் இன்னும் ஆறாத ஒரு சூடு இருக்கிறது, அது ஆறிவிட்டால் மேலே நாமும் இருக்க மாட்டோம் என்று. அதைக் கேட்டு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் ஊகிக்க விரும்பவில்லை. பூமியின் அகத்தைச் சில அலைகளைக் கொண்டு ஊகிக்கலாம். மனிதரின் அகத்தை அவ்வளவு துணிவாக ஊகித்தல் தகாது என்பதும் இந்தப் படிப்பில் நாம் கற்றதே.

மாணவர்க்கு நாம் வற்புறுத்தியது வேறொன்று. அகத்தைப் படிக்கும் முறை எங்கும் ஒன்றுதான். மெல்லிய குறிப்பைத் தள்ளிவிடாதிருத்தல். பொருந்தாததைப் பிழையென்று அவசரப்பட்டு அடித்துவிடாதிருத்தல். பழைய பதிவைப் புதிய கண்ணோடு மீண்டும் எடுத்தல். நேற்று சொன்ன ஆரத்தை இன்று குறைத்துச் சொல்ல நாணாதிருத்தல். தேர்வில் இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால், இவை வாய்க்காதவர் கையில் கவிதையும் திறக்காது, கோளும் திறக்காது.

இன்சைட்டின் சூரியத் தகடுகள்மேல் செந்தூசி படிந்துகொண்டே வந்தது. இயந்திரக் கையால் மணலை அள்ளி, காற்று அதை அடித்துச் சென்று தூசியைத் துடைக்கும்படி தூவிப் பார்த்தார்கள். கொஞ்ச காலம் அது பலித்தது. மின்சாரம் குறையக் குறைய மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அதிர்வுமானியை மட்டும் இயன்றவரை விழிப்பாக வைத்திருந்தார்கள். 2022 டிசம்பர் 15-க்குப் பின் அதனிடமிருந்து பேச்சில்லை. மூடி கவிழ்த்த அந்தக் கருவி எலிசியம் சமவெளியில் அப்படியே இருக்கிறது. செவ்வாயின் நிலம் இப்போதும் அவ்வப்போது அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். கேட்பதற்கு அடுத்து ஒருவர் போக வேண்டும்.